பென்சிலில் சொன்னது

பிளேடை வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளி அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவல் தரையில் சிந்தாமல் இருக்க ஜன்னல் மேடையில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்திருந்தாள். மாமனாருக்குப் பென்சில் துருவி ஆகாது. துருவியில் விட்டுத் திருகினால் முனை ஊசியாகிவிடும், ஊசி முனை தாளைக் குத்தும், இரண்டு சொல் எழுதுவதற்குள் ஒடிந்துவிடும் என்பார். என்பார் என்றால் எழுதிக் காட்டுவார். ஆறு வருடமாக இந்த வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

"ஆச்சு மாமா, ஒரு நிமிஷம்," என்று திரும்பாமலேயே சொன்னாள்.

குரல் வராது என்பது தெரியும். சரி என்றால் கட்டில் சட்டத்தை நகத்தால் ஒருமுறை தட்டுவார், வேண்டாம் என்றால் இரண்டு முறை. தட்டும் வரவில்லை. அவள் முனையைச் செய்தித்தாளின் ஓரத்தில் லேசாகத் தேய்த்து, அவருக்குப் பிடிக்கிற அளவுக்கு மழுக்கினாள். ஊதினாள். திரும்பினாள்.

மாமாவின் வலது கை எழுதும் அட்டையின் மேல் கிடந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கூடி, நடுவே ஒரு பென்சிலுக்கு மட்டும் இடம் விட்டிருந்தன. கண்கள் பாதி திறந்திருந்தன. அவள் புறங்கையைக் கழுத்துத் துளையின் முன்னால் வைத்துப் பார்த்தாள். தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய மூச்சு அந்த வழியாகத்தான் போய்வந்தது. துளையை மூடிய மெல்லிய துணி அசையவில்லை. சுவரில் மணி பத்து இருபது.

அட்டையில் இருந்த தாளில் இரண்டே சொல். மங்கலாக, பெரிய எழுத்தில்.

'மொட்டை. சீவு.'

பென்சிலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொண்டையில் செருகிக்கொண்டு, படியிறங்கிக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிடப் போனாள்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே மேலே வந்தார். கட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். மாமாவின் கண்களை மூடிவிட்டார்.

"எப்பம்மா?"

"இப்பதான். பென்சில் சீவிட்டிருந்தேன்."

"கஷ்டப்பட்டாரா?"

"தெரியலைக்கா. முதுகைக் காட்டிட்டு நின்னுட்டிருந்தேன்."

"நல்ல மனுஷன்," என்றார் தையல்காரம்மா. "என்கிட்டதான் எவ்வளவு பேசுவாரு." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் அது பொய்யில்லை. தையல்காரம்மாவும் மாமாவும் நிறையப் பேசியிருக்கிறார்கள். அவர் எழுதி நீட்டுவார். தையல்காரம்மா அதைப் படித்துவிட்டு, அதே தாளில், அவர் எழுதியதற்குக் கீழே பதில் எழுதுவார். 'அக்கா, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்க வாயாலயே சொல்லலாம்' என்று இவள் எத்தனையோ தடவை சொன்னாள். 'அவர் எழுதும்போது நான் மட்டும் பேசினா மரியாதையா இருக்காதும்மா' என்பது தையல்காரம்மாவின் கட்சி. வேறு சிலர் வீட்டுக்கு வந்தால் காது மந்தமானவரிடம் கத்துவதுபோல் கத்துவார்கள். அவர்கள் போன பிறகு மாமா எழுதுவார்: 'போனது தொண்டை. இவர்கள் ஏன் காதைப் பிடித்துத் தொங்குகிறார்கள்?'

மாமா ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தாள், கோப்பு, பேனா, பென்சில் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். பழைய பென்சிலின் துண்டைக் காட்டினால்தான் புதுப் பென்சில். துண்டு சுண்டுவிரலை விட நீளமாக இருந்தால் 'இன்னும் நாலு நாள் ஓடும், போய்ட்டு வா' என்று மேலதிகாரியையே திருப்பி அனுப்பியவர் என்று பேர். அந்த ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசியவர். புற்று வந்து குரல்வளையை எடுத்த பிறகு, மயக்கம் தெளிந்து அவர் முதன்முதலில் எழுதியதே ஒரு புகார்தான்: 'இந்தப் பேனா ஆகாது. வேறு கொடு.'

படுத்துக்கொண்டு பால்பாயிண்ட் பேனாவால் எழுத முடியாது. முனை மேல்நோக்கி இருந்தால் மை இறங்காமல் நின்றுவிடும். அதை முப்பத்தோரு வருடம் பேனா கொடுத்தவருக்கே மருத்துவமனைக் கட்டிலில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து படுக்கைக்குப் பென்சில். அதுவும் கருப்பாக எழுதும் 2B. HB பென்சிலில் எழுதினால் வெளிறி, படிக்கிறவர் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும், அடுத்தவர் கண்ணை நோகடித்துப் பேசக்கூடாது என்பார். ஜெல் பேனா கை வியர்த்தால் இழுகும் என்று தொடமாட்டார். மைப்பேனா ஒன்று இருந்தது, யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயங்களுக்கு. மற்றபடி வீடு முழுக்கச் சாதாரண நீலப் பேனாக்கள். சமையலறை நிலையில் ஒன்று, வாசல் கதவருகே ஒன்று, குளியலறைக்கு வெளியே ஒன்று. எல்லாம் நூலில் கட்டித் தொங்கவிட்டவை. கட்டாத பேனாவுக்குக் கால் முளைக்கும் என்பது அவர் ஸ்டோரில் கற்றது.

எழுத்தும் ஸ்டோர் எழுத்துதான். காலையில் சமையலறைக்கு வந்து நிலையருகே நின்று எழுதுவார்: 'தேவை: சுடுதண்ணீர், ஒரு டம்ளர். அவசரம் இல்லை.' அவள் சிரித்துக்கொண்டே கொடுத்ததும், கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

கணவன் கப்பலில் இருக்கிறான். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அந்த ஒன்பது மாதமும் இந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

மருத்துவர் வந்தார். நாடி பார்த்தார், விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். சான்றிதழ் எழுத உட்கார்ந்ததும் அவர் பேனா எழுதவில்லை. உதறினார், உள்ளங்கையில் கிறுக்கினார். வாசல் கதவருகே தொங்கிய பேனாவை அவள் காட்டினாள். நூல் இரண்டு முழம்தான். அவர் கதவோரமாகப் போய் நின்று, தாளைச் சுவரில் வைத்து, நூல் இழுக்க இழுக்க எழுதினார்.

"இதை அவிழ்க்க முடியாதாம்மா?"

"முடியும் டாக்டர்," என்றாள். ஆனால் அவிழ்க்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

கப்பலுக்குச் செய்தி சொல்லி, அங்கிருந்து அழைப்பு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் குரல் இரண்டு விநாடி தாமதித்துத்தான் வந்து சேரும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

"என்னால வர முடியாது. கரை வரவே பதினோரு நாள் ஆகும்."

"தெரியும்."

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

அவள் அட்டையைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலைங்க."

இரண்டு விநாடி. மேலும் இரண்டு விநாடி.

"அக்காவுக்குச் சொல்லிட்டியா?"

"இனிமேதான்."

நாத்தனாரின் எண்ணை அழுத்துவதற்கு முன் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். எதிர்முனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"என்ன அதிசயம், நீயே கூப்பிடற? உங்க மாமா முழிச்சுக்கிட்டாரா?" என்றாள் நாத்தனார்.

"அண்ணி," என்றாள் இவள். அதற்கு மேல் வரவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

நாத்தனார் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அறுவைக்குப் பிறகு முதல் மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுடன் போனில் பேசியவள் அவள். பேசுவது அவள் மட்டும்தான். மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு, பென்சிலின் பின்பக்கத்தால் அதன் மேல் தட்டுவார். சாப்டீங்களாப்பா? ஒரு தட்டு. வலி இருக்கா? இரண்டு தட்டு. அரை மணி நேரம்கூட அப்படிப் போகும்.

ஒரு ஞாயிறு, பேசி முடித்த நாத்தனார் போன் அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த யாரிடமோ, "அப்பாடா. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு," என்றாள். பிறகுதான் அணைத்தாள்.

மாமா சிறிது நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு மேசையில் வைத்தார். அன்று அவர் நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார், கைக்கெட்டும் தூரத்தில் நீலப் பேனா தொங்கியது. அதை விட்டுவிட்டு நோட்டில் பென்சிலால் எழுதினார்.

'சுவரோடு பேசுவது போல் இருக்கிறதாம்.'

கீழே: 'பாவம். அவள் சொல்வது சரிதான்.'

அதற்கும் கீழே: 'இனி நான் தூங்குகிறேன் என்று சொல்லிவிடு.'

"மாமா, அண்ணி ஏதோ அசதியில சொல்லியிருப்பாங்க," என்றாள் இவள்.

இரண்டு தட்டு. பிறகு ரப்பரை எடுத்து மூன்று வரிகளையும் அழித்தார். துகளை உள்ளங்கையால் ஒன்றுகூட்டி ஜன்னலுக்கு வெளியே உதறினார். மகளைப் பற்றிய எதையும் அவர் பென்சிலில்தான் சொல்வார். சொன்னதும் அழித்துவிடுவார். இருக்க வேண்டியது பேனாவில், இருக்கக்கூடாதது பென்சிலில். அதை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. இவள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அதன் பிறகு மூன்று வருடம், ஞாயிறுதோறும் இவள் பொய் சொன்னாள். தூங்கறார் அண்ணி. இப்பதான் கண் அசந்தார் அண்ணி. "எப்பப் பார்த்தாலும் தூக்கமா? மாத்திரை ஏதாவது கரைச்சுக் குடுக்கறியா?" என்று நாத்தனார் ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வருடத்துக்கு இரண்டு தடவை நேரில் வருவாள். அப்போது மாமா நீலப் பேனாவால் 'சாப்பிட்டாயா', 'பயணம் எப்படி', 'இளைத்துவிட்டாய்' என்று எழுதுவார். அவள் படித்துவிட்டுப் பதில் சொல்வாள். இவள் தேநீர் போட உள்ளே போய்விடுவாள்.

நாத்தனார் வந்து சேரப் பகல் ஒன்றரை மணி ஆயிற்று. படியேறி வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நேராகக் கட்டிலுக்குப் போனாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். அந்த விரல்கள் அப்போதும் அதே மாதிரி கூடியிருந்தன. அவள் அவற்றைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கடைசியா என்ன சொன்னாரு?"

இந்த முறை மறைக்க முடியவில்லை. அட்டை அங்கேயே இருந்தது.

"சீவுன்னா? என்னத்தைச் சீவ?"

"பென்சிலை அண்ணி."

நாத்தனார் தாளையே பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று இவள் முதலில் நினைத்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், பிறகு அது மாறிவிட்டது.

"சீவிக் குடுத்திருந்தா என்ன எழுதியிருப்பாரு?"

காலையிலிருந்து இவளும் தனக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டிருப்பார். ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பார். படுத்திருந்ததால் பென்சில், அவ்வளவுதான். இல்லை, அழிக்க வேண்டிய எதையோ சொல்லப்போனாரா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

மயான வண்டி நாலு மணிக்கு வந்தது. கிளம்பும் முன் நாத்தனார் அப்பாவுக்கு நல்ல சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, மைப்பேனாவைத் தேடி எடுத்துப் பையில் குத்தினாள். பேனா இல்லாத சட்டைப்பையோடு அவரை யாரும் பார்த்ததில்லை.

எரியூட்டும் இடத்தில் இருந்த ஊழியர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார்.

"இது உள்ள போகக்கூடாதும்மா. இரும்பு, பிளாஸ்டிக் எதுவும் கூடாது."

"ஒரு பேனாதானேங்க."

"விதி அப்படிம்மா."

நாத்தனார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பென்சில்னா?" என்றாள் திடீரென்று.

ஊழியர் யோசித்தார். "பென்சில் மரம்தானே. அது இருக்கட்டும்."

"பென்சிலுக்கு இப்ப எங்க போறது?" என்று நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். தையல்காரம்மா ஒன்றும் பேசாமல் இவள் தலையைப் பார்த்தார். இவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். பென்சில் காலையிலிருந்து கொண்டையிலேயே இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் நினைவில்லை. உருவியதும் முடி தோளில் விழுந்தது.

நாத்தனார் அதை வாங்கி, முனையைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். கரி ஒட்டியது. பிறகு அப்பாவின் சட்டைப்பையில் வைக்காமல், கூடியிருந்த அந்த மூன்று விரல்களுக்கு நடுவே நுழைத்தாள். அது சரியாக நின்றது.

வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தையல்காரம்மா ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாத்தனார் அப்பாவின் அறை அலமாரியைத் திறந்தாள். மாமா எழுதிப் பேசிய நோட்டுப் புத்தகங்கள். எழுபதுக்கு மேல். ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசை எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி.

தரையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இவள் கதவருகே நின்றாள்.

'ஆமாம். ஆனால் உப்பு.'

'இரண்டு போதும்.'

'மழை வருமா?'

'அப்படி ஒன்றும் இல்லை. நீ தூங்கு.'

தையல்காரம்மா எழுதிய சில வரிகளைத் தவிர, எல்லாம் அவர் சொன்னது மட்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் இவள் சொன்னது எதுவும் எங்கும் இல்லை. படிக்கிறவருக்கு, அவர் தனியாக உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தது போல இருக்கும்.

"இது என்ன, நடுநடுவுல அழிச்சிருக்கு?" என்றாள் நாத்தனார்.

"மாமா அழிச்சதுதான்."

"நீ இல்லையே?"

இவள் கதவை விட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஞாயித்துக்கிழமையெல்லாம் உண்மையிலயே தூங்கினாரா?"

"இல்லை அண்ணி."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன? மூணு வருஷம்! நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

மூன்று வருடமாக அந்த வாக்கியம் இவளிடம் தயாராக இருந்தது. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குன்னு சொன்னீங்க, அவர் கேட்டுட்டார். ஒவ்வொரு ஞாயிறும் போனை வைத்த பிறகு மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். எதிரே உட்கார்ந்திருந்தவளின் விரல் நுனியில் பென்சில் கரி இன்னும் இருந்தது.

"போன்ல பதில் சொல்ல முடியலைன்னு அவருக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. எழுதணும்னா எதிர்ல ஆள் வேணும். அதான்."

"அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நான் கிளம்பி வந்திருப்பேனே."

"சொல்லியிருக்கணும் அண்ணி. எனக்குத்தான் தோணலை."

நாத்தனார் நோட்டைத் திருப்பினாள். ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழுந்தது. ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது. அழித்த இடம்தான், ஆனால் எழுதும்போது அழுத்தி எழுதியிருக்க வேண்டும். எழுத்தின் பள்ளம் தாளில் அப்படியே இருந்தது. அவள் நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.

"சுவர்னு இருக்கு. என்ன சுவர்?"

"அந்தப் பக்கத்துச் சுவர் அண்ணி. மழைக்கு ஈரம் இறங்குது. அதைப் பத்தி ஏதோ சொன்னாரு."

நாத்தனார் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவர் உலர்ந்து, வெள்ளையாக இருந்தது. குனிந்து பக்கத்தின் மேல் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். கிழமையும் எழுதியிருந்தது: ஞாயிறு. மறுபடி அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள். வரி முடிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"ஆமா," என்றாள். "ஈரம்தான்."

எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் மூடவில்லை.

இவள் தரையில் கிடந்த வேறொரு நோட்டை எடுத்தாள். மைப்பேனா எழுத்து. பக்கம் முழுவதற்கும் ஒரே வரி. 'நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.' இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அன்று என்ன கேட்டோம் என்று யோசித்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவே இல்லை.

மறுநாள் காலை நாத்தனார் கிளம்பத் தயாரானாள். நோட்டுகளை இரண்டு பைகளில் அடுக்கிவைத்திருந்தாள்.

"இதையெல்லாம் நான் எடுத்துட்டுப் போகட்டுமா? எங்கிட்ட அவர் சொன்னதுன்னு ஒண்ணும் இல்லை."

அதில் என்னுடைய ஆறு வருடமும் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னாலும், எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரி கிடையாது.

"எடுத்துக்குங்க அண்ணி."

ஆளுக்கொரு பையாகத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். கனமாக இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் கை மாற்றிக்கொண்டார்கள். பேருந்து தயாராக நின்றது. பைகளை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டு இவள் இறங்கினாள்.

நாத்தனார் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். குளிரூட்டிய வண்டி, கண்ணாடி திறக்காது. வண்டி உறுமத் தொடங்கியதும் அவள் சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது. இவள் காதருகே கையை வைத்துக் காட்டினாள். நாத்தனார் மறுபடி சொன்னாள், இன்னும் மெதுவாக, இன்னும் நீளமாக. ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவள் கேட்டுவிட்டதுபோல் தலையை ஆட்டினாள். நாத்தனாரும் தலையை ஆட்டினாள். பேருந்து பின்வாங்கி, வளைந்து, வெளியே போயிற்று.

அது நின்ற இடத்தில் சிறிது நேரத்தில் வேறொரு பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஆட்கள் ஏறினார்கள். படியில் நின்ற நடத்துநர் இவளைப் பார்த்தார்.

"எங்கம்மா போகணும்?"

இவள் பின்னால் பெட்டியோடு நின்ற ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.